டான்சனைட் வாங்கலாமா? குடும்பக் குழுவில் ஒரு விசாரணை

ரம்யா: மணி மாமா, இந்த ஃபார்வர்டைப் பாருங்கள். “உலகில் ஒரே இடத்தில் கிடைக்கும் நீல நிறக் கல். வைரத்தைவிட ஆயிரம் மடங்கு அரிது. சுரங்கம் சீக்கிரமே காலியாகிவிடும். இன்றே வாங்குங்கள்!” டான்சனைட்டாம். ஒரு மோதிரம் வாங்கி வைத்தால் முதலீடும் ஆச்சு, இல்லையா?

கார்த்திக்: “இன்றே” என்று எவன் சொன்னாலும் நான் நாளைக்குத்தான் போவேன் 😄

மணி மாமா: ஒரே இடம் என்பது உண்மைதான். தான்சானியாவின் வடக்கே, கிளிமஞ்சாரோவுக்குப் பக்கத்தில் மெரெலானி குன்றுகள். 1967இல் அங்கே கண்டுபிடித்தார்கள். அடுத்த ஆண்டே டிஃபனி என்ற அமெரிக்க நகை நிறுவனம் நாட்டின் பெயரையே வைத்துச் சந்தைக்குக் கொண்டுவந்தது. கடத்தலைத் தடுக்க 2018இல் அரசு அந்தச் சுரங்கப் பகுதியைச் சுற்றிச் சுவரே எழுப்பிவிட்டது, 24 கிலோமீட்டருக்கு!

ரம்யா: அப்புறம் என்ன, விலை ஏறத்தானே செய்யும்?

மணி மாமா: அவசரப்படாதே. நீலமணி, அதாவது சஃபையர், இலங்கை, மடகாஸ்கர், மியான்மர் என்று பல நாடுகளில் கிடைக்கிறது. ஆனாலும் உயர்தர நீலமணியின் காரட் (கல்லின் எடை அளவு) விலை டான்சனைட்டைவிடப் பல மடங்கு. எத்தனை இடத்தில் கிடைக்கிறது என்பதைவிட எத்தனை பேர் தேடுகிறார்கள் என்பதுதான் விலையைத் தீர்மானிக்கிறது. 2001 கடைசியில் இந்தக் கல்லின் வியாபாரத்தைத் தீவிரவாதிகளோடு தொடர்புபடுத்திச் செய்தி வந்தது. அமெரிக்காவில் பெரிய கடைகள் விற்பனையை நிறுத்தின, விலை சரிந்தது. சுரங்கம் அதேதான், கல்லும் அதேதான்.

கார்த்திக்: பெரிய கல்லாக வாங்கினால்?

மணி மாமா: மாணிக்கத்தில் எடை கூடக் கூட, காரட் விலையே தாவி ஏறும். இதில் அவ்வளவு தாவாது, பெரிய படிகங்கள் கிடைக்கின்றன. 2020 ஜூனில் சனினியு லைசர் என்ற சுரங்கக்காரர் 9.27 கிலோவில் ஒன்று, 5.1 கிலோவில் ஒன்று என்று இரண்டு கற்களை அரசிடம் விற்றார். 774 கோடி ஷில்லிங்.

பெரியம்மா: 774 கோடியா!!

மணி மாமா: தான்சானிய ஷில்லிங், அக்கா. 33 லட்சம் டாலர் சொச்சம்.

பெரியம்மா: அதுவும் போதும் எனக்கு.

ரம்யா: அப்போ மோதிரம் வேண்டாமா மாமா?

மணி மாமா: பிடித்திருந்தால் வாங்கு, லாபத்துக்காக வாங்காதே. கடையில் சில்லறை விலைக்கு வாங்கி, விற்கும்போது மொத்த விலைகூடக் கிடைக்காமல் போகலாம். தினம் போட மோதிரம் சரிவராது. பத்து வரை போகும் கடின அளவுகோலில் இது 6 முதல் 7, நீலமணி 9. கீறல் விழும், ஓங்கி இடித்தால் பிளந்தும் போகலாம். கம்மலோ பதக்கமோ எடு. அல்ட்ராசோனிக் மெஷினில் மட்டும் கழுவக் கொடுக்காதே.

கார்த்திக்: சூடு காட்டாத கல்லுக்குத் தனி விலை என்கிறார்களே?

மணி மாமா: மண்ணிலிருந்து வரும்போது பெரும்பாலும் பழுப்பாகத்தான் இருக்கும். சூடாக்கிய பிறகுதான் நீலமும் ஊதாவும் வரும். சந்தையில் இருப்பதில் அநேகமாக எல்லாமே அப்படித்தான். சூடாக்கியதா இல்லையா என்று ஆய்வகத்திலேயே உறுதியாகச் சொல்வது கஷ்டம். அதற்கென்று கூடுதல் பணம் கொடுக்காதே.

ரம்யா: சரி, கம்மல்தான். படம் அனுப்புகிறேன், நிறம் பார்த்துச் சொல்லுங்கள்.

மணி மாமா: படத்தில் நிறம் தெரியாதும்மா. பக்கத்துக்குப் பக்கம் நிறம் மாறுகிற கல் அது. பகல் வெளிச்சத்தில் ஒரு தடவை, மஞ்சள் பல்பில் ஒரு தடவை திருப்பிப் பார். பல்பில் ஊதா தூக்கலாகத் தெரியும். வெளிறிய கல் என்றால் பாதி விலைக்குக் கேள்.