கடற்கரை ஊருக்குப் போகும் பின்களுக்கு மாங்கனீஸ் பாஸ்பேட் பூச்சு சரிவருமா?

கோயம்புத்தூரில் சிறிய பட்டறை நடத்துகிறேன். தூத்துக்குடியில் உள்ள ஒரு வாடிக்கையாளருக்கு, இஎன்31 எஃகில் 60 எச்ஆர்சி (ராக்வெல் கடினத்தன்மை அளவு) வரை கடினப்படுத்திய 20 மிமீ லொகேட்டிங் பின்களை (பாகங்களைச் சரியான இடத்தில் நிறுத்தும் முளைகள்) மாதம் 200 அனுப்புகிறோம். கடந்த அக்டோபரில் சென்றவை மூன்றே வாரத்தில் துருப்பிடித்துத் திரும்பிவிட்டன.

இதுவரை வெளியில் கொடுத்து, 140 டிகிரி காஸ்டிக் தொட்டியில் பிளாக்கனிங் (எஃகின் மேல் கருப்பு ஆக்சைடு படலம் ஏற்றுவது) செய்துவந்தோம். திரும்பிவந்த பின்களில் ஒன்றை வெள்ளைத் துணியால் துடைத்தபோது செம்பழுப்புப் பொடி ஒட்டியது; சாம்ஃபர் (முனையில் சாய்வாக வெட்டிய) விளிம்பில் கருமையே இல்லை. அந்தப் படலம் ஏறத்தாழ ஒரு மைக்ரான்தான், துருவைத் தடுப்பது பெரும்பாலும் அதன் மேலுள்ள எண்ணெய் என்பதால், நீர்விலக்கும் எண்ணெயில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, விசிஐ தாளில் (துருத்தடுப்பு ஆவி விடும் தாள்) சுற்றியும் அனுப்பிப் பார்த்தோம். பெட்டிக்குள் நன்றாகவே இருக்கின்றன. பொருத்திய பிறகு உப்புக்காற்றில் ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. சூடாக்காமல் கருமையேற்றும் குளிர்முறைக் கரைசலையும் பார்த்தோம்; அதன் கருமை விரலோடு வந்துவிட்டது.

கருப்பு ஜிங்க் முலாமுக்கு மனம் ஒப்பவில்லை; இவ்வளவு கடினமான எஃகில் ஹைட்ரஜன் ஏறினால் விரிசல் விடும். மாங்கனீஸ் பாஸ்பேட் எண்ணெயை நன்றாகப் பிடித்துவைக்கும், ஆனால் எங்கள் விட்டம் ஜி6 அளவுவகை, அதாவது விட்டம் கூடக்குறைய இருக்க அனுமதியுள்ள மொத்த வேறுபாடே 13 மைக்ரான்.

இத்தகைய பின்களுக்கு மாங்கனீஸ் பாஸ்பேட் போட்ட அனுபவம் உள்ளவர்கள், பூச்சுக்குப் பிறகும் ஜி6 அளவு நிற்க, கிரைண்டிங்கில் விட்டத்தை எத்தனை மைக்ரான் குறைத்து முடித்தீர்கள்?