புதுப்பிப்பு: தம்பியின் முழங்கால், தாண்டல் சோதனைக்குப் பிறகு

முழங்கால் சவ்வுச் சத்திரசிகிச்சை செய்த தம்பி மீண்டும் உதைபந்தாட்டம் ஆடலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். ஒற்றைக்காலில் தாண்டிப் பார்க்கச் சொன்னீர்கள். பார்த்தாயிற்று. தூரத்தில் மற்றக் காலின் 90 சதவீதத்தை எட்டிவிட்டான். வீட்டில் ஒரே கொண்டாட்டம்.

இயன்மருத்துவர் மட்டும் மசியவில்லை. காணொளியை மெதுவாக ஓடவிட்டுக் காட்டினார்: தரையில் இறங்கும்போது முழங்கால் போதிய அளவு மடியவில்லை, உள்பக்கம் சாய்கிறது, உடம்பு முன்னே வளைந்து இடுப்பே பாரத்தை வாங்குகிறது. தாண்டிய தூரம் இதையெல்லாம் மறைத்துவிடுமாம். போதாததற்கு, ஆடாமல் இருந்ததில் நல்ல காலும் பலம் குறைந்திருக்கும். அதோடு ஒப்பிட்டு வரும் சதவீதம் சற்றுப் பொய்தான். தொடைத் தசையின் பலத்தைத் தனியே அளக்க வேண்டும், சத்திரசிகிச்சை முடிந்து 9 மாதம் ஆகும்வரை போட்டி கிடையாது என்றுவிட்டார்.

அரியாலைச் சுற்றுப்போட்டிக்குப் பார்வையாளனாகப் போகலாம். அதற்கே முகத்தைத் தூக்கிவைத்திருக்கிறான்.