வள்ளி திருமணம் வெள்ளோட்டம்: பார்த்தவர்கள் சொல்லுங்கள்

பாளையங்கோட்டைக்காரன்:
இங்கே ஒரு சின்ன அரங்கில் 'வள்ளி திருமணம்' இசை நாடகத்தை மறுபடி மேடையேற்றுகிறார்கள். அடுத்த வாரம்தான் தொடக்கம். நேற்று நான் பார்த்தது வெள்ளோட்டம். விடிய விடிய நடப்பதை இரண்டரை மணி நேரத்தில் அடக்கியதால் பபூன் வந்த வேகத்தில் போய்விட்டார். வள்ளி கவண் வீசிக்கொண்டே பாடியது அருமை. கால் ஹார்மோனியத்தின் மிதிகட்டைதான் ஓயாமல் கிறீச்சிட்டது. பாட்டுக்கு நடுவே ஒருவர் குனிந்து போய்த் தேங்காய் எண்ணெய் விட்டார். அதற்குத்தான் பெரிய கைத்தட்டல்! நாரதரும் வள்ளியும் கேள்வி பதிலாக வாதிடும் தர்க்கம் மட்டும் உப்புச் சப்பில்லாமல் இருந்தது. எனக்கு மட்டும்தானா?

தச்சநல்லூர் வாசி:
இல்லை அண்ணாச்சி. தர்க்கத்தை எழுதி மனப்பாடம் செய்திருக்கிறார்கள். மடக்கிக் கேட்டால் அந்த இடத்திலேயே பதில் பிறக்க வேண்டும். கோயில் கொடை விழாவில் நாங்கள் தூங்காமல் உட்கார்ந்திருந்ததே அதற்காகத்தான்.

பழைய ரசிகர்:
மனப்பாடத்தைக் குறை சொல்லாதீர்கள். 1867-இல் தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்து, இந்த நாடகத்தை எழுதிய சங்கரதாஸ் சுவாமிகளின் பாலர் சபையில், அதாவது சிறுவர் நாடகக் குழுவில், பிள்ளைகள் பாடம் செய்துதான் நடித்தார்கள். நேற்று கெடுத்தது ஒலிபெருக்கி. அறுபது பேர் உட்காரும் இடத்தில் அது எதற்கு?

பாளையங்கோட்டைக்காரன்:
ஒலிபெருக்கி பற்றிச் சொன்னது சரி. கடைசி வரிசையில் காது அடைத்துவிட்டது. சனிக்கிழமை மறுபடி போகிறேன். எண்ணெய் போட்டார்களா என்று பார்க்க வேண்டும்.