மூலக்கூறைப் பார்த்தே மணத்தைச் சொல்லிவிட முடியுமா?

கரிமம்:
"அமைப்பை வைத்து மணத்தைச் சொல்லவே முடியாது" என்று நறுமுகை எழுதியதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. அமிலமும் ஆல்கஹாலும் சேர்ந்து உருவாகும் சிறிய எஸ்டர்கள் என்றால் பெரும்பாலும் பழ வாசனை. கந்தகத்தில் ஹைட்ரஜன் ஒட்டிய தயோல் என்றால் மூக்கைப் பொத்த வைக்கும் நாற்றம். இதற்கு மேல் என்ன தொடர்பு வேண்டும்?

நறுமுகை:
கிரேப்ஃப்ரூட் பழத்துக்கு அதன் தனி வாசனையைத் தருவதே ஒரு தயோல்தான், கரிமம். இண்டோல் என்ற சேர்மத்தையும் பாருங்கள்: துளியளவில் பூ மணம், அடர்த்தி கூடினால் மலநாற்றம். அமைப்பு மாறவே இல்லையே! கார்வோன் என்ற சேர்மத்தின் இரு வடிவங்களும் ஒன்றுக்கொன்று ஆடிப் பிம்பம். ஒன்று புதினா போல மணக்கும், மற்றது சீரகம் போன்ற மசாலாவான கேரவே விதை போல. அப்புறம் கஸ்தூரி. அதன் மணப்பொருளான மஸ்கோன் 15 கார்பன் கொண்ட பெரிய வளையம். செயற்கையான நைட்ரோ கஸ்தூரிகளோ சின்ன பென்சீன் வளையத்தில் நைட்ரோ தொகுதிகள் தொங்குபவை. உருவத்தில் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனாலும் இரண்டும் கஸ்தூரி மணம்தான்.

கரிமம்:
கார்வோன் என் பக்கத்துச் சாட்சி! மூக்கில் மணத்தை உணரும் ஏற்பிகள் புரதங்கள், அவற்றுக்கும் இடம் வலம் உண்டு. இடது கை வலது கையுறையில் சரியாகப் பொருந்துமா? பிம்பம் மாறியதும் மணம் மாறுகிறது என்றால், பேசுவது வடிவம்தான்.

அலைவரிசை:
மணத்தைத் தீர்மானிப்பது வடிவமே இல்லை, மூலக்கூறின் பிணைப்புகளின் அதிர்வு என்று 1996-இல் உயிர் இயற்பியலாளர் லூகா டூரின் சொன்னாரே?

நறுமுகை:
இதில் நான் கரிமம் பக்கம். அசிட்டோஃபீனோன் என்ற மணப்பொருளில் ஹைட்ரஜனுக்குப் பதிலாக அதன் கனமான வகையான டியூட்டீரியம் வைத்தால் அதிர்வு மாறும், வடிவம் அப்படியே இருக்கும். 2004-இல் ஆய்வாளர்கள் கெல்லரும் வோஸ்ஹாலும் இரண்டையும் மனிதர்களை முகரச் செய்து பார்த்தார்கள். வேறுபாடு தெரியவில்லை.

சரி, வடிவம் என்றே வைத்துக்கொள்வோம். யாருடைய ஏற்பிக்குப் பொருந்தும் வடிவம்? நமக்கு ஏறக்குறைய 400 வகை மண ஏற்பிகள். ஒரு மூலக்கூறு அவற்றில் பலவற்றைத் தூண்டும். எல்லாருக்கும் அவை ஒரே மாதிரி அமைவதில்லை. ஆண்ட்ரோஸ்டினோன் என்ற சேர்மம் சிலருக்கு மூத்திர வாடை, சிலருக்கு இனிப்பு, சிலருக்கு ஒன்றுமே தெரியாது. ஒரு மரபணுவில் உள்ள மாறுபாடு இதில் பெரும்பங்கு வகிக்கிறது. மூலக்கூறுக்கு ஒரு மணம் என்று அட்டவணை போட்டால், அதில் எந்த மணத்தை எழுதுவீர்கள்?

கரிமம்:
சராசரியை எழுதுவேன். 2023-இல் வெளியான ஆய்வில், சுமார் 5000 மூலக்கூறுகளில் பயின்ற கணினி மாதிரி, புதிய மூலக்கூறுகளின் மணத்தை அமைப்பை மட்டும் பார்த்தே கணித்தது. பாதிக்கு மேற்பட்டவற்றில், முகர்ந்து பார்த்த மனிதக் குழுவின் சராசரிக்கு அது ஒரு சாதாரண முகர்பவரைவிட நெருங்கி வந்தது. தொடர்பே இல்லாவிட்டால் இது எப்படி நடக்கும்?

நறுமுகை:
நடந்திருக்காது. "சொல்லவே முடியாது" என்று நான் எழுதியது தவறு, திருத்திக்கொள்கிறேன். ஆனால் சராசரி என்பது யாருடைய மூக்கும் இல்லை. ஆண்ட்ரோஸ்டினோன் எனக்கு வெறும் காற்று. உங்களுக்கு?