உணவுக்குழாய்ப் புற்றுநோய் ஆபரேஷன்: தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் பார்த்ததை எழுதுங்க

பென்னாகரம் பிசியோ:

மூச்சுப் பயிற்சிக்குக் கொடுக்கிற மூணு பந்து டப்பா எல்லாருக்கும் தெரியும், நேரா விஷயத்துக்கு வர்றேன். ஏரியூர் பக்கத்துப் பெரியவர். ஆபரேஷனுக்கு முந்தின சாயங்காலம் வார்டுல உட்கார்ந்து அந்தக் குழாயை வாயில வச்சு கழுத்து நரம்பு புடைக்க ஊதிக்கிட்டு இருந்தார். பந்து அசையவே இல்லை. பக்கத்துல பேரன், "இன்னும் பலமா ஊது தாத்தா"ன்னு உற்சாகப்படுத்திக்கிட்டு நிக்கிறான். டப்பா கைக்கு வந்த நாள்ல இருந்து வீட்ல ஒரு வேளை விடாம அப்படித்தான் ஊதியிருக்கார். அவ்வளவு உழைப்பும் வீண். அது ஊதுறது இல்லை, உறிஞ்சுறது. இன்னும் சிலர் டப்பாவைத் தலைகீழாக் கவிழ்த்து ஊதி மூணு பந்தையும் ஏத்திக் காட்டுவாங்க. அதுவும் இந்த வேலைக்கு உதவாது.

நிமிர்ந்து உட்காரணும். மூச்சைச் சாதாரணமா வெளிய விட்டுட்டு, உதடு குழாயை இறுக்கிப் பிடிக்க, மெதுவா உள்ள இழுக்கணும். முதல் பந்து ஏறினா நொடிக்கு 600 மில்லி, ரெண்டாவது 900, மூணாவது 1200. வெடுக்குனு இழுத்து மூணையும் ஒரு கணம் துள்ள வைக்கிறதை விட, ரெண்டு பந்தை மூணு நொடி மேலயே நிறுத்துறது எவ்வளவோ மேல். முழிச்சிருக்கிற நேரத்துல மணிக்கு 10 தடவை. தலை சுத்தினா நிறுத்திட்டு அப்புறம் தொடரலாம்.

ஏன் இவ்வளவு சொல்றேன்னா, இந்த ஆபரேஷன்ல ஒரு பக்க நுரையீரலை மணிக்கணக்கா சுருக்கி வச்சுத்தான் வேலை செய்வாங்க. அப்புறம் நெஞ்சுலயும் வயித்துலயும் வலி. ஆள் மேலோட்டமாவே மூச்சு விடுவார், நுரையீரலோட அடிப்பகுதி விரியாது, சளி தேங்கி நிமோனியா வந்துடும். டப்பா கொடுத்த அன்னைக்கே யாராவது ஒருத்தர் எதிர்ல உட்கார்ந்து செய்ய வச்சுப் பார்க்கணும். ஆபரேஷனுக்கு அப்புறம் இருமும்போது ஒரு தலையணையை வயித்தோட அணைச்சுப் பிடிச்சுக்கிட்டா வலி தாங்கும். இதையும் முன்னாடியே பழக்கி வையுங்க.

அரூர் செவிலி:

பிசியோ சொன்னது சரி. ஆனா எதுக்காக மூச்சுப் பயிற்சின்னே தெரியாதவர் எப்படிச் செய்வார்? மொரப்பூர் பக்கத்துல ஒருத்தர். வீட்ல எல்லாருமாச் சேர்ந்து "குடல்ல புண்ணு, சுரண்டி எடுத்துடுவாங்க"ன்னு மட்டும் சொல்லி வச்சிருந்தாங்க. மயக்க மருந்து டாக்டர் வந்து "பீடியை எப்பங்க விட்டீங்க?"ன்னு கேட்டார். "விடலீங்களே, காலைல கூட ஒண்ணு குடிச்சேன், அதை யாரும் சொல்லலையே"ன்னார் அவர். மகன் தலையைக் குனிஞ்சுக்கிட்டான். ஆபரேஷன் தள்ளிப்போச்சு. அந்த முகம் இன்னும் கண்ணுல நிக்குது. அவர் கோபப்படலை. "சொல்லியிருந்தா விட்டிருப்பேனே"ன்னு மட்டும்தான் சொன்னார்.

பீடி, சிகரெட், ஹான்ஸ் எதுவா இருந்தாலும் குறைஞ்சது நாலு வாரம் முன்னாடி நிறுத்தணும். அப்பத்தான் மூச்சுக்குழாய் சளியை ஒழுங்கா வெளிய தள்ளும், வெட்டி ஒட்டின இடத்துக்கும் ரத்த ஓட்டம் சரியாப் போகும். நோயைச் சொல்லாம மறைச்சு வச்சுட்டு, அந்த நோயாளிகிட்டயே ஒத்துழைப்பு கேக்குறது நியாயமே இல்லை. கையெழுத்தும் அவர்தானே போடணும்.

ராயக்கோட்டை:

அக்கா, உங்க கோபம் புரியுது. ஆனா வீட்டுக்காரங்க பயந்துதான் மறைக்கிறாங்க, கெட்ட எண்ணத்துல இல்லை. ஒரே நாள்ல எல்லாத்தையும் கொட்ட வேண்டாம். "உங்களுக்கு என்னன்னு நினைக்கிறீங்க?"ன்னு டாக்டர் கேட்டாலே பாதிப் பேர் அவங்களாவே சொல்லிடுவாங்க. தெரியாத மாதிரி இருக்கிறதும் பிள்ளைங்களுக்காகத்தான்.

நான் எழுத வந்தது ரத்தம் பத்தி. தக்காளி மண்டியில மூட்டை தூக்குற ஒருத்தருக்கு ஆபரேஷன். ரெண்டு யூனிட் ஏற்பாடு பண்ணச் சொல்லியிருந்தாங்க. மண்டி ஆட்கள் ஒரு வண்டி நிறைய வந்து இறங்கினாங்க. ராத்திரி முழுக்க லோடு ஏத்தி, தூங்காம, அவருக்காகக் கோயிலுக்கு வேண்டிக்கிட்டுப் பச்சைத் தண்ணி கூடக் குடிக்காம. ரத்த வங்கியில முக்கால்வாசிப் பேரைத் திருப்பி அனுப்பிட்டாங்க. ஒரு இளைஞன் வாசல்லயே உட்கார்ந்து அழுதான், "எங்க ரத்தம் ஆகாதா சார்?"னு.

ஆகும் தம்பி, சாப்பிட்டுட்டு வந்தா ஆகும். 18 வயசுல இருந்து 65 வரைக்கும், எடை 45 கிலோவுக்குக் குறையாம, ஹீமோகுளோபின் 12.5. ஆம்பளைங்க போன தடவை கொடுத்து 90 நாள், பொம்பளைங்க 120 நாள் ஆகியிருக்கணும். முந்தின ராத்திரி தூக்கம் வேணும், சாராய வாடையே இருக்கக் கூடாது, நாலு மணி நேரத்துக்குள்ள ஏதாவது சாப்பிட்டிருக்கணும். பச்சை குத்தி ஒரு வருஷம் ஆகாதவங்க வரிசையில நிக்க வேண்டாம். விரதம் இருக்கணும்னா ரத்தம் கொடுக்கிற ஆளைத் தவிர மத்தவங்க இருங்க.

பென்னாகரம் பிசியோ:

கூட்டமா ஒரே நாள்ல வர்றதே தப்புண்ணா. ஆபரேஷன் தேதி ரெண்டு தடவையாவது மாறும். நாலு பேர் முன்னாடி கொடுக்கட்டும், மத்தவங்க பேர், குரூப், போன் நம்பர் எழுதி ஒருத்தர்கிட்ட இருக்கட்டும். மூணாம் நாள் திடீர்னு தேவைப்பட்டா அந்தச் சீட்டுதான் காப்பாத்தும்.

இன்னொண்ணு. பெத்த மகன், கூடப் பிறந்தவங்க ரத்தத்தை நேரா அவருக்கே ஏத்தச் சொல்லி அடம் பிடிக்காதீங்க. நெருங்கின சொந்தத்தோட வெள்ளணு உடம்புக்குள்ள போய், அந்த உடம்பையே தாக்குற அபூர்வமான ஆபத்து உண்டு. வந்தா காப்பாத்துறது ரொம்பக் கஷ்டம். மகன் கொடுக்கட்டும், அது வங்கியில வேற யாருக்காவது போகட்டும். அப்பாவுக்கு வேற ஒருத்தர் ரத்தம் வரும்.

ஊத்தங்கரை:

காசு விஷயம் யாரும் எழுதலையே. முதலமைச்சர் காப்பீட்டுல குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம். வருட வருமானம் 1,20,000க்குள்ள இருக்கணும். வருமானச் சான்றை இ-சேவையில வாங்கி, ரேஷன் கார்டு, ஆதாரோட கலெக்டர் ஆபீஸ்ல இருக்கிற காப்பீட்டு மையத்துல பதியணும். ஒரு அம்மா, ரேஷன் கார்டுல "சின்னப்பாப்பா", ஆதார்ல "பாப்பா". அனுமதி கேட்டு அனுப்பினது திரும்பி வந்துடுச்சு. அட்மிஷன் கவுன்ட்டர்ல அந்தம்மா, "ரெண்டும் நான்தானே சாமி"ன்னு திரும்பத் திரும்பச் சொல்லிக்கிட்டே நின்னாங்க. ஸ்கேன் எடுக்கிற வாரமே பேரைச் சரிபாருங்க, ஆபரேஷன் தேதிக்குக் காத்திருக்காதீங்க. போற ஆஸ்பத்திரி அந்தத் திட்டப் பட்டியல்ல இருக்கான்னும் கேட்டுக்குங்க.

ரயில்ல போறவங்களுக்கு: சிகிச்சைக்குப் போற புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பர், மூணடுக்கு ஏசியில டிக்கெட் காசு முழுசாத் தள்ளுபடி, கூடப் போற ஒருத்தருக்கு முக்கால் பங்கு. டாக்டர் அதுக்குன்னு இருக்கிற படிவத்துல கையெழுத்துப் போட்டுத் தரணும். கிருஷ்ணகிரி டவுனுக்கு ரயிலே கிடையாது, மொரப்பூர், ஜோலார்பேட்டை மாதிரி இடத்துக்குப் போய்த்தான் ஏறணும். ராத்திரி வண்டின்னா ஆட்டோவுக்கு முன்னாடியே சொல்லி வையுங்க.

அடையாறா, வேலூரா, பெங்களூர் கித்வாயான்னு சொந்தக்காரங்க ஆளுக்கொண்ணு சொல்வாங்க. கேக்க வேண்டிய கேள்வி ஒண்ணுதான்: "இந்த ஆபரேஷனை இங்க வருஷத்துக்கு எத்தனை பேருக்குச் செய்யறீங்க?" இது மாதிரி பெரிய ஆபரேஷனை நிறையச் செய்யற இடத்துல உயிரிழப்பு குறைவு. ஒருத்தர் கை மட்டும் இல்லை, ராத்திரி ரெண்டு மணிக்கு நாடி எகிறினா என்ன செய்யணும்னு அங்க இருக்கிற எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும்.

ஊர்ல இருக்கிறவங்க "ஏதாவது வேணுமா"ன்னு கேக்காதீங்க, ஒரு வேலையை எடுத்துக்குங்க. மாட்டுக்குத் தண்ணி காட்டி சொசைட்டிக்குப் பால் ஊத்த ஒருத்தர், பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குச் சாப்பாடு ஒருத்தர், ஆஸ்பத்திரியில ராத்திரி மாத்தி மாத்தித் தங்க நாலு பேர். ஃபைலும் ரிப்போர்ட்டும் ஒரே கையில இருக்கட்டும். போன்ல ஊருக்குத் தகவல் சொல்றதும் ஒருத்தர்தான். இல்லைன்னா அந்த வீட்டு அம்மா ஐசியு வாசல்ல ஐம்பது பேருக்குப் பதில் சொல்லியே ஓய்ஞ்சு போயிடுவாங்க.

ஓசூர் வார்டு:

"தைரியமா இருங்க"ன்னு சொல்லிட்டுப் போறவங்களுக்காக இதை எழுதறேன். தேன்கனிக்கோட்டை பக்கத்து ஆள், ஆபரேஷன் முடிஞ்சு ஆறாம் நாள். கழுத்துத் தையல் ஈரமாச்சு, துணியை எடுத்தா எச்சில் கசியுது. அரை மணி நேரத்துல மச்சான் வண்டி பேசிட்டார். "முடிஞ்சு போச்சு, மூச்சு இருக்கும்போதே வீட்டுக்குக் கொண்டு போயிடறோம்"னு. அவர் பொண்ணு மட்டும் கட்டில் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நகர மாட்டேன்னுடுச்சு. சரியாச் செஞ்சது அந்தப் பொண்ணுதான்.

உணவுக்குழாயை எடுத்துட்டு, இரைப்பையைக் குழாய் மாதிரி தைச்சு, நெஞ்சு வழியா மேல கொண்டு வந்து கழுத்துல இணைப்பாங்க. அந்த இணைப்பு கசியறது இந்த ஆபரேஷன்ல எதிர்பார்த்துக் காத்திருக்கிற சிக்கல். கழுத்துல கசிஞ்சா தையலைக் கொஞ்சம் திறந்து விட்டு, தினம் கட்டு மாத்தி, வாய்ல எதுவும் கொடுக்காம வயித்துக் குழாய்ல உணவு கொடுத்தா பெரும்பாலும் தானா மூடிடும். வாரக்கணக்கு ஆகலாம். நெஞ்சுக்குள்ள கசிஞ்சாத்தான் பெரிய ஆபத்து: காய்ச்சல், நாடி திடீர்னு 120 தாண்டுறது, மூச்சு வாங்குறது, நெஞ்சுல போட்டிருக்கிற வடிகால் குழாய்ல கலங்கலா வர்றது. உணவு ஆரம்பிச்சதும் அந்தக் குழாய்ல பால் மாதிரி வெள்ளையா வந்தா அது வேற, நிணநீர்க் கசிவு. அதையும் உடனே சிஸ்டர்கிட்ட காட்டணும். "கசிவு வரலாம், வந்தா இதுதான் செய்வோம்"னு முன்னாடியே குடும்பத்துக்குச் சொல்லியிருந்தா அந்த வண்டி பேசியிருக்க மாட்டாங்க. நம்பிக்கை வேணும்தான், ஆனா அது இந்த விவரம் தெரிஞ்சவங்ககிட்டத்தான் அந்த ஆறாம் நாள் நிலைக்குது.

காவேரிப்பட்டணம்:

வீட்டுக்கு வந்த அப்புறம் நடக்கிறதை நான் சொல்றேன். வயித்துக் குழாய் அடைச்சுக்கிட்டதுன்னு ஈர்க்குச்சியை விட்டுக் குத்தினாங்க ஒரு வீட்ல. குழாயே கிழிஞ்சு போச்சு. உள்ள என்ன போயிருந்ததுன்னு பார்த்தா, வடிகட்டாத கேழ்வரகுக் கஞ்சி. அந்தப் பாட்டி "ராகி குடிச்சாத்தான் தெம்பு வரும்னு ஊத்தினேன்"னு கையைப் பிசைஞ்சுக்கிட்டு நின்னாங்க.

அது சிறுகுடலுக்குள்ள போற சன்னமான குழாய். கையைக் கழுவி, ஆளைச் சாய்வா உட்கார வச்சு, முதல்ல 30 மில்லி வெதுவெதுப்பான தண்ணி. அப்புறம் உணவு, மெதுவா, சொட்டுச் சொட்டா. சிறுகுடல்ல இரைப்பை மாதிரி தேக்கி வைக்க இடம் இல்லை, டம்ளரோட ஊத்தினா வயித்துப்போக்குதான். முடிஞ்சதும் மறுபடி 30 மில்லி தண்ணி. உணவு போகாத நேரத்துலயும் நாலு மணிக்கு ஒரு தடவை தண்ணி விடணும். மாத்திரையைப் பொடிச்சுப் போடுறதுதான் அடைப்புக்குப் பெரிய காரணம். திரவ மருந்தாக் கிடைக்குமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க. எந்த உணவு, எவ்வளவுன்னு டயட்டீஷியன் எழுதித் தந்ததை மட்டும் கொடுங்க. குழாய் தோல்ல நுழையற இடத்துல பேனாவால ஒரு கோடு போட்டு வையுங்க, நகர்ந்தா தெரியும். உருவி வந்துட்டா நீங்களே திருப்பிச் சொருகக் கூடாது. ஓட்டையைச் சுத்தத் துணியால மூடி அன்னைக்கே ஓடுங்க, சில மணி நேரத்துலயே வழி சுருங்க ஆரம்பிச்சுடும்.

வாய்ல சாப்பிட ஆரம்பிச்ச அப்புறம் நம்ம ஊருக்குன்னே ஒரு விஷயம் இருக்கு. களியை நாம மெல்ல மாட்டோம், உருட்டிக் குழம்புல தொட்டு விழுங்குவோம். அந்தப் பழக்கத்துல சின்ன வயசுல இருந்து வளர்ந்தவருக்கு, மெல்லணும்கிறதே நினைப்புல வராது. புது இணைப்புல உருண்டை போய் நின்னுக்கும். கூழாக் கரைச்சு, கரண்டி கரண்டியா. நாளைக்கு ஆறுல இருந்து எட்டு வேளை, ஒவ்வொரு தடவையும் ஒரு கைப்பிடி. சாப்பாட்டோட சேர்த்துத் தண்ணி குடிக்காம, அரை மணி கழிச்சுக் குடிக்கணும். சர்க்கரை போட்ட பால், பாயசம் சாப்பிட்டதும் வியர்த்துக் கொட்டி, படபடப்பு வந்து, கண்ணு இருட்டினா, உணவு குடலுக்குள்ள வேகமா இறங்கிடுதுன்னு அர்த்தம். இனிப்பைக் குறைச்சு முட்டை, பருப்பைக் கூட்டணும். சாப்பிட்டு ஒரு மணி நேரம் படுக்கக் கூடாது. கட்டில் தலைமாட்டுக் காலுக்கு ரெண்டு செங்கல் வையுங்க. வால்வு இல்லாததால படுத்தா எதுக்களிச்சு மூச்சுக்குழாய்க்குப் போகும்.

சாப்பாட்டுக் கவனம் ஆபரேஷனுக்கு முன்னாடியே தொடங்கணும். கதிர் சிகிச்சையும் கீமோவும் அஞ்சு வாரம் முடிஞ்சு, ஆபரேஷனுக்கு ஆறுல இருந்து எட்டு வாரம் இடைவெளி விடுவாங்க. அது சும்மா காத்திருக்கிற காலம் இல்லை. 50 கிலோ ஆளுக்கு நாளைக்கு 60ல இருந்து 75 கிராம் புரதம் போகணும். ஒரு முட்டையில 6 கிராம்தான். சோறு அடைக்குதுன்னு கஞ்சித் தண்ணியிலேயே காலம் தள்ளினவர் ஆபரேஷன் மேசைக்குப் போகும்போது எலும்பும் தோலுமா இருப்பார், தையல் எதைப் பிடிச்சு ஆறும்? விழுங்கவே முடியலைன்னா அப்பவே குழாய் போட்டு ஊட்டம் ஏத்தலாம், அதுக்குப் பயந்து தட்டிக் கழிக்காதீங்க.

அரூர் செவிலி:

காவேரிப்பட்டணம் அக்கா சொன்னதுல ஒண்ணு சேர்க்கணும். 2021 ஆகஸ்டுல நம்ம கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில தொடங்கினதுதான் மக்களைத் தேடி மருத்துவம். அதுல வீட்டுக்கே வர்ற பிசியோவும் வலி தணிப்பு நர்சும் இருக்காங்க. டிஸ்சார்ஜ் ஆனதும் டிஸ்சார்ஜ் சீட்டோட ஆரம்ப சுகாதார நிலையத்துல பேர் கொடுங்க.

பாப்பாரப்பட்டி தம்பி:

பெரியப்பாவுக்கு ஆபரேஷன் ஆகி நாலு மாசம். நல்லா இட்லி சாப்பிட்டுக்கிட்டு இருந்தார், இப்ப பத்து நாளா அதுவும் தொண்டைக்குக் கீழ நிக்குதுன்னு சொல்றார். திரும்ப வந்துடுச்சுன்னு வீட்ல எல்லாரும் சாப்பாட்டையே விட்டுட்டாங்க. யாராவது சொல்லுங்க.

ஓசூர் வார்டு:

தம்பி, இந்த மாசங்கள்ல இப்படி அடைச்சா பெரும்பாலும் இணைப்பு வடு பிடிச்சுச் சுருங்கியிருக்கும், நோயா இருக்கணும்னு இல்லை. கழுத்துல கசிவு வந்து ஆறினவங்களுக்கு இது அதிகம். ஆனா எண்டோஸ்கோப்பில பார்த்துச் சதை எடுத்துச் சோதிச்சாத்தான் உறுதியாச் சொல்ல முடியும், அதனால அடுத்த செக்கப் வரைக்கும் காத்திருக்காதீங்க, இந்த வாரமே ஆபரேஷன் செஞ்ச இடத்துக்கே கூட்டிட்டுப் போங்க. சுருக்கம்னா எண்டோஸ்கோப் வழியா விரிச்சு விடுவாங்க, அநேகமா அன்னைக்கே வீட்டுக்கு வந்துடலாம். ஒரு தடவையில முடியாம நாலஞ்சு தடவை கூப்பிடலாம், அதைக் கேட்டு மனசு விட வேண்டாம். போற வரைக்கும் கூழ், பால், முட்டையை நல்லா அடிச்சுக் காய்ச்சின கஞ்சி, எல்லாம் வடிகட்டிக் கொடுங்க. எச்சில் கூட இறங்கலைன்னாலோ, விரிச்சு வந்த அப்புறம் நெஞ்சு வலியோ காய்ச்சலோ வந்தாலோ 108க்குப் போடுங்க. பழைய ஆபரேஷன் சீட்டையும் பயாப்ஸி ரிப்போர்ட்டையும் கையில எடுத்துக்குங்க. எண்டோஸ்கோப்பிக்கு முந்தின ராத்திரியில இருந்து வெறும் வயித்துல போகணும், திட உணவு அதுக்கும் முந்தின நாளே நிறுத்தினா நல்லது.