மறுமொழி: ‘மேற்பார்வைத் தரகர்’ பொருந்துமா?

ஐயா, வணக்கம்.

வீடு, நிலம் விற்பது பற்றிய உங்கள் அமெரிக்கப் பாடநூல் மொழிபெயர்ப்பில் ‘புரோக்கர்’ என்பதற்கு நீங்கள் சொன்ன ‘மேற்பார்வைத் தரகர்’ என்ற சொல்லை, சுங்கை சிப்புட்டில் என் தட்டச்சுக் கடைக்கு வந்த ஒரு பெரியவரிடம் சொல்லிப் பார்த்தேன். தோட்டத்தில் பால்மரம் (ரப்பர்) வெட்டியவர். “அப்போ தண்டல் மாதிரியா?” என்றார். சிக்கலே அதுதான். தண்டல் தோட்டத்து வேலையை மேற்பார்ப்பவர்; மர நிரை பார்ப்பார், ஏசுவார், போய்விடுவார்.

அமெரிக்க புரோக்கர் அப்படியில்லை. வீட்டுக்காரர் கையெழுத்துப் போடும் ஒப்பந்தமே புரோக்கரோடுதான். ஏஜெண்டு அவர் பெயரில் வேலை செய்பவர். கமிஷனும் புரோக்கர் கைக்கு வந்துதான் ஏஜெண்டுக்குப் பிரியும். ஏஜெண்டுகளில் பலர் சம்பள ஆள்கூட இல்லை, தனி ஒப்பந்தக்காரர்கள். ஆனாலும் வியாபாரத்தில் அவர்கள் பொய் சொன்னால் புரோக்கரும் பதில் சொல்ல வேண்டி வரும்.

நம் மலேசியாவில் பெயர் தலைகீழ். இந்தத் தொழிலுக்கான 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி, அதற்கான வாரியத்தில் பதிந்து பொறுப்பேற்பவர்தான் ஏஜெண்டு. சிவப்பு அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வீடு காட்ட வருபவர் நெகோஷியேட்டர், மலாயில் ‘பெருண்டிங்’. அந்த மலாய்ச் சொல்லுக்கு ஆலோசகர் என்ற பொருளும் உண்டு; அதைப் பார்த்து ஒருவர் ‘ஆலோசகர்’ என்று எழுதியிருந்தார். ஆலோசனை எங்கே வந்தது? இரண்டு நாட்டு ஏஜெண்டையும் ‘முகவர்’ என்று போட்டால், அங்கே கீழே இருப்பவர் இங்கே மேலே ஏறிவிடுவார்.

போன வருடம் ஓர் அம்மா, வீடு வாங்க முன்பணம் கட்டிய ரசீதை எடுத்து வந்தார். கையால் எழுதிய துண்டுத்தாள், நிறுவனத்தின் பெயரே இல்லை. பணம் போனது சிவப்பு அட்டைக்காரரின் சொந்தக் கணக்குக்கு. “ஏஜெண்டுகிட்டதான் கொடுத்தேன்” என்றே சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்கு வாரியத்தில் பதிந்தவர், சிவப்பு அட்டைக்காரர் இரண்டு பேருமே ஏஜெண்டு.

அதனால் என் பரிந்துரை: பொறுப்பேற்பவருக்கு ‘பொறுப்புத் தரகர்’, அவர் பெயரில் வேலை செய்பவருக்கு ‘சார்புத் தரகர்’. யார் பதில் சொல்ல வேண்டும் என்பது பெயரிலேயே தெரியும். நண்பர் விளையாட்டாக எழுதிய ‘கங்காணி’ வேண்டாம். தோட்ட வேலைக்கு ஆள் கூட்டி வந்து, தலைக்கு இவ்வளவு என்று காசு வாங்கியவர் பெயர் அது. தோட்டத்து வீடுகளில் இன்னும் அது நல்ல சொல் இல்லை.

‘சார்பு’ என்றால் ஒருபக்கம் சாய்பவர் போல இருக்கிறதே என்கிறாள் என் மகள். சரிதான். ஆனால் ‘கீழ்த்தரகர்’ என்று எழுதினால் காதில் ‘கீழ்த்தரம்’ விழுகிறது! வேறு சொல் தோன்றினால் திங்கட்கிழமைக்குள் எழுதுங்கள். “முன்பணத்தை நிறுவனத்தின் கணக்கில் மட்டும் கட்டுங்கள், ____ கணக்கில் கட்டாதீர்கள்” என்று கடை வாசலில் ஒட்ட ஒரு தாள் அடித்து வைத்திருக்கிறேன். அந்தக் கோடிட்ட இடம் மட்டும் பாக்கி.