வாசனைக்கு ஒருமையா, மாம்பழங்களுக்குப் பன்மையா?

குழு: தாத்தா வீட்டுச் சொந்தங்கள்

கயல்விழி: வணக்கம் அத்தை. கோடை விடுமுறை பற்றிய ஆங்கிலக் கட்டுரையில் ‘தி ஸ்மெல் ஆஃப் ரைப் மேங்கோஸ் ஃபில் த ஹவுஸ்’ என்று எழுதியிருந்தேன். ஆசிரியர் ‘ஃபில்’ என்பதை அடித்து ‘ஃபில்ஸ்’ என்று திருத்தியிருக்கிறார். ‘மேங்கோஸ்’ பன்மைதானே?

முருகேசன்: எனக்கும் கயல் எழுதியதில் பிழை தெரியவில்லை, அக்கா.

செல்வி அத்தை: திருத்தம் சரியானதுதான். வீட்டை நிறைப்பது வாசனை, மாம்பழங்கள் அல்ல. ‘தி’ முதல் ‘மேங்கோஸ்’ வரையுள்ள ஐந்து சொற்களும் சேர்ந்து ஒரே பெயர்த்தொடர். அதன் தலைச்சொல், அதாவது மற்ற சொற்களெல்லாம் விளக்கும் முதன்மையான பெயர், ‘ஸ்மெல்’. ஐயம் வந்தால் அந்த ஐந்தையும் எடுத்துவிட்டு ‘இட்’ என்று வைத்துப் பார், கயல். அந்த இடத்தில் ‘தே’ பொருந்தாது.

முருகேசன்: தமிழில் நாம் இப்படித் தடுமாறுவதில்லையே?

செல்வி அத்தை: நல்ல கேள்வி, தம்பி. ‘பழுத்த மாம்பழங்களின் வாசனை’ என்னும்போது அடைகள் எல்லாம் முன்னே வந்துவிடுகின்றன. தலைச்சொல் கடைசியில் நிற்பதால் வினையோடு எதைப் பொருத்துவது என்ற குழப்பமே எழுவதில்லை. ஆங்கிலத்தில் ‘ரைப்’ போன்ற பெயரடை நம்மைப் போலவே முன்னால் வந்தாலும், ‘ஆஃப்’ என்று தொடங்கும் பகுதியும், நாம் பெயரெச்சத்தால் சொல்லும் செய்தியும் தலைச்சொல்லுக்குப் பின்னால் போய்விடுகின்றன. அதனால் வினைக்குப் பக்கத்தில் வேறொரு பெயர் வந்து நின்று நம்மை ஏமாற்றுகிறது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே அவசரத்தில் இந்தப் பிழையைச் செய்கிறார்கள்.

கயல்விழி: புரிந்தது அத்தை. வினைத்தொடரில்தான் இன்னொரு குழப்பம். துணைவினையும் முதன்மை வினையும் சேர்ந்தது வினைத்தொடர் என்று பாடநூலில் இருக்கிறது. காணொளி ஒன்றில் செயப்படுபொருளையும் அதற்குள் சேர்த்துச் சொன்னார்கள்.

செல்வி அத்தை: இரண்டும் வழக்கில் உள்ளவை. பள்ளி இலக்கணம் வினைச்சொற்களை மட்டும் கணக்கில் கொள்ளும். அமெரிக்க மொழியியலாளர் நோம் சாம்ஸ்கி 1957இல் வெளியிட்ட நூலில் வாக்கியத்தைப் பெயர்த்தொடர், வினைத்தொடர் என இரண்டாகப் பிரித்து, செயப்படுபொருளை வினைத்தொடருக்குள் வைத்தார். ‘ஷீ ரோட் எ லெட்டர், அண்ட் ஐ டிட் டூ’ என்னும்போது ‘டிட்’ என்ற ஒரு சொல் ‘கடிதம் எழுதினேன்’ என்பது முழுவதற்கும் நிற்கிறது அல்லவா? அவர் பிரித்ததில் பொருள் இருக்கிறது. தேர்வில் மட்டும் பாடநூலில் உள்ளபடியே எழுது.

முருகேசன்: துணைவினைகளின் வரிசை எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. ‘மைட் ஹேவ் பீன் ரீடிங்’ என்பதில் எது முன்னே, எது பின்னே என்று எப்படி நினைவில் வைப்பது?

செல்வி அத்தை: அதைத் தமிழில் சொல்லிப் பார்: ‘படித்துக்கொண்டிருந்திருக்கலாம்’. இப்போது கடைசியிலிருந்து பிரித்துக்கொண்டு வா. ‘லாம்’ என்பது ‘மைட்’. ‘இருக்க’ என்பது ‘ஹேவ்’. ‘கொண்டிருந்து’ என்பது ‘பீன்’. ‘படித்து’ என்பது ‘ரீடிங்’. கண்ணாடியில் தெரிவது போல வரிசை அப்படியே திரும்பியிருக்கிறது. ‘படித்துக்கொண்டிருக்கிறாள்’ என்பதில் காலமும் ‘ஆள்’ விகுதியும் வால்பகுதியில் இருப்பதையும் பார். ஆங்கிலத்தில் அந்த வேலையை முதலில் வரும் துணைவினை செய்வதால் ‘ஷீ இஸ் ரீடிங்’, ‘தே ஆர் ரீடிங்’ என்று முதற்சொல் மட்டும் மாறும். இருபது ஆண்டுகள் பாடம் நடத்திய பிறகுதான் இது என் கண்ணில் பட்டது என்பதைச் சொல்லக் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது.

கயல்விழி: அப்படியென்றால் ‘த மேங்கோஸ் தட் தாத்தா ப்ராட் ஃப்ரம் த ஃபார்ம் ஆர் ஸ்வீட்’ என்பது சரிதானே? வினைக்கு அருகில் ‘ஃபார்ம்’ ஒருமையில் இருந்தாலும் தலைச்சொல் ‘மேங்கோஸ்’ என்பதால் ‘ஆர்’ போட்டேன்.

செல்வி அத்தை: மிகச் சரி. ‘தாத்தா தோட்டத்திலிருந்து கொண்டுவந்த’ என்று நாம் பெயரெச்சமாக முன்னே வைப்பது அங்கே ‘தட்’ என்று தொடங்கிப் பின்னே வந்திருக்கிறது.

முருகேசன்: வாக்கியம் சரி. அந்தப் பழங்கள் மட்டும் எங்கள் வீட்டுக்கு இன்னும் வந்து சேரவில்லை.